அரெட்சோ சந்தையில் கிடைத்த கைக்குட்டைச் சாடி: செய்தது யார்?

வணக்கம் நண்பர்களே. இத்தாலியின் எம்போலி நகரில் செய்த பச்சைக் கண்ணாடிப் பாட்டிலை, வெனிஸ் அருகே கண்ணாடிக்குப் பேர்போன முரானோ தீவில் செய்தது என்று நம்பி வாங்கியவர்களுக்காகச் சென்ற வீடியோவில் பேசினேன். இன்று என்னிடம் இருப்பது முரானோவேதான், அதுவும் அங்குள்ள வெனினி நிறுவனம் செய்தது. சொல்லும்போதே கை நடுங்குவதால், சாடியை மேசைமீது வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

1968 முதல் இத்தாலியின் அரெட்சோ நகரில் நடந்துவரும் பழம்பொருள் சந்தை, மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் கூடுவது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை பியாட்சா கிராந்தே சதுக்கத்தில், பீங்கான் தட்டுகளுக்கு நடுவே இந்தச் சாடி கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் அறுபது யூரோ சொன்னார். நான் நாற்பது கேட்டேன். அவர் ஐம்பதுக்கு இறங்கினார். நான் சாடியை வைத்துவிட்டு இரண்டு கடை தள்ளிப் போய்த் திரும்பி வந்தபோது நாற்பத்தைந்துக்குத் தந்தார். அந்தப் பதினைந்து யூரோவை நினைத்து வீடு வரும்வரை மகிழ்ந்துகொண்டே வந்தேன்.

விரித்த கைக்குட்டையின் நான்கு மூலைகளும் மேல்நோக்கி நிற்பது போன்ற இந்த வடிவத்தை, 1940களின் இறுதியில் ஃபுல்வியோ பியான்கோனி வெனினி நிறுவனத்துக்காக உருவாக்கினார். இது பெரும் வரவேற்பைப் பெற்றதால் பலரும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே கைக்குட்டை வடிவத்தைக் கண்டதும் வெனினி என்று விலை சொல்பவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. இங்கிலாந்தின் சான்ஸ் நிறுவனம் தட்டையான கண்ணாடித் தகட்டைச் சூட்டில் தொய்யவிட்டு இதே வடிவத்தைச் செய்தது. அதில் கோலம் மேற்பரப்பில் அச்சிடப்பட்டிருக்கும். ஊதிச் செய்த சாடியை, அதைத் தாங்கிய இரும்புக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த தழும்பும் அடியில் இருக்காது.

இப்போது இதை வெளிச்சத்தில் காட்டுகிறேன். வெள்ளையும் இளஞ்சிவப்புமான இழைகள் முறுக்கிய நூலைப் போலக் கண்ணாடியின் உள்ளேயே ஓடி, அடியிலிருந்து கிளம்பி விளிம்புவரை அறுபடாமல் செல்கின்றன. இந்த வேலைப்பாட்டுக்குப் பெயர்தான் த்சான்ஃபிரிகோ. சுவர் மிக மெல்லியது. அடியிலுள்ள தழும்பைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். அடி மேசையைத் தொடும் வளையத்தில் கீறல்கள் பல திசைகளில் ஓடுகின்றன. செயற்கையாகப் பழமையாக்கியிருந்தால் பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அடியின் நடுவிலேயே யாரோ விலைச்சீட்டு ஒட்டி, அதன் பிசின் கருத்துக் கெட்டியாகியிருந்தது. அடியில் விலைச்சீட்டு ஒட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத செயல். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைத்து, மாற்றி மாற்றி ஒற்றி, பிளேடு வைக்காமல் அதை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. செய்தவர்களே ஒட்டிய பழைய லேபிளாக இருந்தால் தண்ணீரை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இது வெறும் கடைச்சீட்டு.

பிசின் போன பிறகும் ஒன்றும் தெரியவில்லை. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தபோது, மூச்சுப் பட்டது போன்ற மங்கலான எழுத்துகள் மூன்று வரிகளில் எழுந்தன: சிறிய எழுத்துகளில் வெனினி, அதன் கீழ் முரானோ, பெரிய எழுத்துகளில் இத்தாலியா. இது அமிலத்தால் பதித்த முத்திரை. பிற்காலத்தவற்றில் கையால் பொறித்த பெயரே இருக்கும். முத்திரையையும் போலியாகப் பதிக்கிறார்கள் என்பதால்தான் இழை, சுவர், அடி மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு முத்திரையைக் கடைசியில் தேடினேன்.

உயரம் சொல்லவில்லை அல்லவா? பதினான்கு சென்டிமீட்டர். வலது பக்க மடிப்பின் நுனியில் அரிசிமணி அளவு சில்லு பெயர்ந்திருப்பதை வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன். தேய்த்துச் சரிசெய்து தருவதாக ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன், சூட்டில் உருகி மழுங்கிய அந்த விளிம்பைத் தேய்த்தால், இழைகள் முடியும் இடமும் சேர்ந்து போய்விடும்.