ராக்கெட் ரெடி, பேட் ரெடி... குறுக்க ஒரு படகு! லாஞ்ச் ரேஞ்ச்ல இன்னாதான் நடக்குது?

[ஸ்க்ரீன்ல ரெண்டு நம்பர் மட்டும்: 100, 93]

1979 ஆகஸ்ட்ல எஸ்.எல்.வி-3 கிளம்புச்சு, 2025 ஜனவரி 29 ஜி.எஸ்.எல்.வி-எஃப்15 கிளம்புச்சு, அதோட ஸ்ரீஹரிகோட்டாவுல நூறாவது லாஞ்ச். நூறு அடிக்க நமக்கு 45 வருஷம் தாண்டிடுச்சு. ஃப்ளோரிடா கடற்கரையில 2024ங்கற ஒரே வருஷத்துல 93 லாஞ்ச். ஒரே வருஷம்!

"டேய், இஸ்ரோவ கலாய்க்கிறியா"னு கமெண்ட்ல வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருங்க. இன்னைக்கு விஷயம் யாரு ராக்கெட் பெருசுங்கறது இல்ல. வாரத்துக்கு ரெண்டு ராக்கெட் போவணும்னா, ராக்கெட்ட விட கஷ்டமான ஒண்ணு இருக்கு, அத பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. அதுதான் ரேஞ்ச்.

[டைட்டில். மியூசிக் 3 செகண்ட், அதுக்கு மேல வேணாம்]

பேட் வேற, ரேஞ்ச் வேற, மொதல்ல இத பிரிச்சுக்குவோம். பேட்னா ராக்கெட் நிக்கிற மேடை. ரேஞ்ச்னா ரேடார், வானிலை ஆளுங்க, கடல்ல ரோந்து, வானத்துல விமானத்த தடுக்கறது, ராக்கெட் தறிகெட்டு போனா வெடிக்க வைக்கிற சிஸ்டம், எல்லாம் சேர்த்து. நம்ம காட்பாடி ஜங்ஷன எடுத்துக்குங்க. சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம்னு நாலா பக்கமும் லைன் பிரியுது. ரயில் பிளாட்பாரத்துல நின்னுகினு இருக்கு, டிரைவர் ரெடி, கார்டு ரெடி, நாம ஜன்னல் வழியா டீ கூட வாங்கிட்டோம், ஆனா சிக்னல் விழல. இன்னாத்துக்கு? முன்னாடி போன வண்டி இன்னும் லைன காலி பண்ணல. இப்ப நீங்க இன்னும் ரெண்டு பிளாட்பாரம் கட்டிட்டா இந்தப் பிரச்சனை தீர்ந்துடுமா? தீராது, நின்னுகினு இருக்கற ரயிலு இன்னும் ரெண்டு சேரும், அவ்ளோதான். ஃப்ளோரிடாவுலயும் அதே கதை. அங்க மூணு ராக்கெட் கம்பெனி: ஸ்பேஸ்எக்ஸுக்கு தனி பேட், யு.எல்.ஏ-வுக்கு தனி பேட், ப்ளூ ஆரிஜினுக்கு தனி பேட். ஆனா கடலும் வானமும் ஒண்ணுதான், அத காலி பண்ணிக் குடுக்கற ஆளுங்களும் ஒரே ஆளுங்கதான்.

சரி, காலி பண்றதுனா இன்னா? எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்குங்க.

2022 ஜனவரி 30. ஃப்ளோரிடாவுல கேப் கனாவெரல்ங்கற லாஞ்ச் இடத்துல ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன்-9 ராக்கெட் நிக்குது, உள்ள இத்தாலியோட சாட்டிலைட். ஏற்கனவே வானிலை சரியில்லனு தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு, இன்னைக்கு வானம் பளிச்சுனு இருக்கு. கவுண்ட்டவுன்ல 33 செகண்ட் பாக்கி. நிறுத்து! ஹார்மனி ஆஃப் தி சீஸ்னு ஒரு சொகுசுக் கப்பல், உலகத்துலயே பெரிய கப்பல் வகையில ஒண்ணு, ஆயிரக்கணக்கான டூரிஸ்ட்ட ஏத்திகினு தடை பண்ண ஏரியாவுக்குள்ள வந்துடுச்சு. அன்னைக்கு லாஞ்ச் கேன்சல், மறுநாள்தான் போச்சு. இத்தனைக்கும் அது கட்டுமரம் இல்ல, ஒரு ஊரே மிதக்குற சைஸு, அத ஓரம் கட்ட முடியல!

இதவிட பெரிய கூத்து 2014 அக்டோபர் 27. வர்ஜீனியாவுல வாலப்ஸ்னு ஒரு இடம், அங்க அன்டாரெஸ் ராக்கெட் ரெடி. ஒரு பாய்மரப் படகு உள்ள வந்துடுச்சு, லாஞ்ச் ரத்து. அந்தப் படகுக்காரரை எத்தனை பேர் திட்டி இருப்பாங்களோ. மறுநாள் அதே ராக்கெட் கிளம்பி 15 செகண்ட்ல வெடிச்சு அங்கயே விழுந்துடுச்சு. மொத நாளு படகுக்காக ராக்கெட்ட நிறுத்தினாங்களே, அது இன்னாத்துக்குனு அந்த ஒரு வீடியோவ பார்த்தா போதும், நான் தனியா விளக்கத் தேவையில்ல.

அப்புறம் மாடு. ஆமா, மாடுதான். 1960 நவம்பர் 30, அதே கேப் கனாவெரல்ல இருந்து கிளம்பின ஒரு தோர் ராக்கெட் கோளாறாகி வெடிக்க வச்சாங்க, துண்டு துண்டா போயி கியூபாவுல விழுந்துச்சு. எங்க பசு மாடு செத்துடுச்சுனு கியூபா சொல்லுச்சு, அந்தப் பசுவுக்காக ஊர்வலமே நடந்துச்சு. அமெரிக்காவும் கியூபாவும் முறைச்சிகினு இருந்த நேரம், நடுவுல ஒரு மாடு. ஃப்ளோரிடாவுல இருந்து தெக்கால விட்டா கியூபா குறுக்க இருக்கு, அதனால துருவத்துக்கு மேல போற சாட்டிலைட்டுங்க வேலை பெரும்பாலும் கலிஃபோர்னியா பக்கம் வான்டன்பெர்க்குக்கு போயிடுச்சு. பல பத்து வருஷம் கழிச்சு 2020 ஆகஸ்ட் 30-ல தான் சாவோகாம்-1பி-ங்கற சாட்டிலைட்ட ஏத்திகினு ஒரு ஃபால்கன் திரும்ப ஃப்ளோரிடாவுல இருந்து தெக்கால அந்தத் துருவப் பாதைக்கு போச்சு.

திரும்ப எப்படி தைரியம் வந்துச்சு? அங்கதான் மேட்டர்.

[அனிமேஷன்: ராக்கெட், ரெண்டு பக்கமும் சிவப்புக் கோடு]

முன்னாடி எல்லாம் தரையில ஒரு ஆபீசர் உக்காந்துகினு இருப்பாரு. ரேடார், சிக்னல் எல்லாத்தையும் பார்த்துகினே இருப்பாரு, ராக்கெட் சிவப்புக் கோட்ட தாண்டினா பட்டன அழுத்துவாரு, ரேடியோ சிக்னல் போயி ராக்கெட் சிதறும். நம்ம ஊர்லயும் நடந்திருக்கு, 2010 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஜி.எஸ்.எல்.வி-எஃப்06 கிளம்பி ஒரு நிமிஷம் கூட ஒழுங்கா போவல, கட்டுப்பாடு போயிடுச்சு, வங்காள விரிகுடா மேலயே அழிச்சாங்க. அந்த பட்டன அழுத்தற மனுஷன் மனசு எப்படி இருந்திருக்கும் பாருங்க. பல வருஷ உழைப்பு, ஆனா அழுத்தித்தான் ஆவணும்.

இந்த முறைக்கு ஆள் ஜாஸ்தி வேணும், கடற்கரை நெடுக ரேடார் வேணும், ஒரு லாஞ்ச் முடிஞ்சா அடுத்த ராக்கெட்டுக்கு எல்லாத்தையும் மாத்தி டெஸ்ட் பண்ணணும். வருஷத்துக்கு பத்து லாஞ்ச்னா ஓகே. தொண்ணூறுனா? அதுக்குத்தான் ராக்கெட்டுக்குள்ளயே கம்ப்யூட்டர வச்சுட்டாங்க. ஜி.பி.எஸ், இன்னும் சில சென்சார் வச்சு "நான் எங்க இருக்கேன், கோட்ட தாண்டிட்டேனா"னு ராக்கெட்டே பார்த்துக்கும், தாண்டினா தன்னையே முடிச்சுக்கும். ஸ்பேஸ்எக்ஸ் 2017 பிப்ரவரி 19 லாஞ்ச்ல இருந்து இதையே நம்பி போவ ஆரம்பிச்சுது. தெக்கால போறப்ப இன்னொரு லாபம்: பின்னாடி வர்ற நெருப்பும் புகையும் தரையில இருந்து வர்ற சிக்னல மறைக்கலாம். கம்ப்யூட்டர் உள்ளயே இருந்தா மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

ஆனா இத மந்திரம்னு நினைச்சுக்காதீங்க. 2023 ஏப்ரல்ல ஸ்பேஸ்எக்ஸோட பெரிய ராக்கெட் ஸ்டார்ஷிப் மொத தடவ பறந்தப்ப வெடின்னு உத்தரவு போனப்புறமும் 40 செகண்ட் மாதிரி குட்டிக்கரணம் அடிச்சுகினே இருந்துச்சு. 40 செகண்ட் ராக்கெட்டுக்கு ரொம்ப நேரம்ங்க.

விமானம் பத்தி சட்டுனு சொல்லிடறேன். 2025 நவம்பர்ல அமெரிக்க அரசாங்கம் பட்ஜெட் சண்டையில மூடிக் கிடந்தப்ப, விமானத்த கன்ட்ரோல் பண்ற ஆளு பத்தலனு கமர்ஷியல் லாஞ்ச் எல்லாம் ராத்திரி 10-ல இருந்து காலை 6 மணிக்குள்ளதான்னு உத்தரவே போட்டாங்க. உலகத்துலயே பிஸியான ரேஞ்ச், மாட்டிக்கினது ஏர்போர்ட் ஆளுங்க கிட்ட.

மேல விண்வெளியிலயும் டிராஃபிக்தான். 2023 ஜூலையில சந்திரயான்-3 கிளம்பறத 4 செகண்ட் தள்ளி வச்சாங்க, அதே மாசம் பி.எஸ்.எல்.வி-சி56 ஒரு நிமிஷம் லேட்டா போச்சு, ரெண்டுமே மேல சுத்திகினு இருக்கறதோட மோதிடக் கூடாதுனுதான்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். 2024-ல இந்தியா மொத்தமே 5 தடவதான் ஆர்பிட்டுக்கு ராக்கெட் விட்டுச்சு, அதனால இந்த நெரிசல் இன்னும் நமக்கு வரல. ஆனா வரப் போவுது. ஸ்கைரூட்னு ஒரு தனியார் கம்பெனி 2022 நவம்பர் 18-ல விக்ரம்-எஸ்ங்கற ராக்கெட்ட விட்டாங்க. நம்ம சென்னை கம்பெனி அக்னிகுல் ஸ்ரீஹரிகோட்டாவுலயே சொந்தமா ஒரு பேட் போட்டு 2024 மே 30-ல அவங்க ராக்கெட்ட விட்டாங்க. அதுலயும் பாருங்க, பேட் அவங்களோடது, ஆனா வெடிக்க வைக்கற சிஸ்டம் இஸ்ரோவோடது. ஸ்ரீஹரிகோட்டாவுல இஸ்ரோவோட மூணாவது லாஞ்ச் பேடுக்கு 2025 ஜனவரியில 3,984 கோடிக்கு மேல ஒதுக்கியாச்சு. தூத்துக்குடி பக்கம் குலசேகரப்பட்டினத்துல புது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு, அங்க இருந்து விட்டா இலங்கைய சுத்தி வளைஞ்சு போவ வேணாம், நேரா தெக்கால போவலாம், எரிபொருள் மிச்சம். எல்லாம் சந்தோஷம்தான். ஆனா பேட் பத்தியே பேசறோம், ரேஞ்ச் பத்தி யாரு பேசறது?

குறிப்பா மீனவங்க. லாஞ்ச் அன்னிக்கு பழவேற்காடு பக்கம் கடலுக்கு போவாதீங்கனு சொல்லிடுவாங்க. வருஷத்துக்கு அஞ்சாறு நாள்னா சமாளிச்சுக்கலாம். ஐம்பது தடவை ஆச்சுனா, நடுவுல தள்ளிப் போற நாளையும் சேர்த்தா, அது பொழப்பு. ஃப்ளோரிடாவுல சொகுசுக் கப்பல் ஒரு நாள் குறுக்க வந்தா நாம சிரிக்கிறோம், இங்க குறுக்க இருக்கறது தெனம் வலை வீசி சாப்பிடறவங்க. லாஞ்ச் விக்கிற காசுல இதுக்கு ஒரு பங்கு இருக்கணும்ங்கறது என்னோட கருத்து, ராக்கெட் விலையில மொதல்லயே சேர்க்கணும், அப்பால கருணைத் தொகைனு குடுக்கறது இல்ல. தூத்துக்குடி, பழவேற்காடு பக்கம் இருந்து யாராவது பார்த்தா கமெண்ட்ல உங்க அனுபவத்த எழுதுங்க, ராக்கெட் ஃபேன்ஸ் கொஞ்சம் அமைதியா படிங்க.

கடைசியா நம்ம வேலூர் மக்களுக்கு ஒரு டிப்ஸ், இதுக்காகவாவது லைக் போடலாம். லாஞ்ச் தேதிய இஸ்ரோ சொல்றதுக்கு முன்னாடியே பல தடவ அது கசிஞ்சுடும், எதுல தெரியுமா? விமானங்களுக்கு விடற எச்சரிக்கை அறிவிப்புல. வங்காள விரிகுடாவுல இந்தத் தேதியில இந்த நேரத்துல இந்தக் கட்டத்துக்குள்ள வராதீங்கனு போட்டுடுவாங்க, அந்தக் கட்டம் நீளமா தென்கிழக்கால போச்சுனா ராக்கெட்தான்னு ஆர்வலருங்க கண்டுபிடிச்சுடுவாங்க. ராத்திரி லாஞ்ச்சா இருந்து, மேகம் இல்லனா, மலை மறைக்காத ஒரு மொட்டை மாடி பாருங்க. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடகிழக்கால, நேர்க்கோட்டுல ஒரு 150 கிலோமீட்டர். கிளம்பின உடனே தேடாதீங்க, கொஞ்சம் மேல ஏறினப்புறம்தான் தெரியும், அப்புறம் வலது பக்கமா சாஞ்சுகினு போவும். ஃபோன தூக்கி வீடியோ எடுக்காதீங்க, ஒரு புள்ளிதான் விழும், கண்ணால பாருங்க.