சந்தேகங்களுக்கு விளக்கம்: பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரையை என்ன செய்வது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை வேறு வேறு விதமாக நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் தரைவீட்டில் இருக்கும் ஒரு அக்கா எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் மதிலோரமாக ஒரு பாத்தி, அதில் வெண்டை, மிளகாய், ஓரத்தில் ஒரு மல்லிகை, ஒரு கறிவேப்பிலை. பாத்தி முழுக்கப் புல் மாதிரி ஒன்று வருகிறது, எத்தனை தடவை பிடுங்கினாலும் ஒரே வாரத்தில் திரும்ப முளைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் உப்பும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்கிறாராம். ஊற்றலாமா, இல்லை மொத்த மண்ணையும் மாற்றிவிடலாமா என்பது கேள்வி. கூடவே, தொட்டிகளில் பாசி மாதிரி பொடி இலையோடு ஒரு செடி பரவுகிறது, அது என்ன என்றும் கேட்டிருக்கிறார்.

அக்கா, முதலில் உப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இதை நான் ரொம்ப உறுதியாகவே சொல்கிறேன். உப்பு ஊற்றினால் இலை காயும், உண்மைதான், ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கி உங்கள் வெண்டை வேரையும் மல்லிகை வேரையும் சேர்த்துத்தான் கெடுக்கும். களிமண் கலந்த மண்ணாக இருந்தால் இறுகிப்போய்த் தண்ணீர் இறங்காது. மழை பெய்து அது கரைந்து போனாலும் எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலைக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தோட்டத்துக்கும்தான். வினிகர் அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. சமையலுக்கு வாங்கும் வினிகர் இலையை மட்டும் கருக்கும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு அது போய்ச் சேரவே சேராது. கொதிக்கிற தண்ணீரும் அப்படித்தான். வாசலில் பதித்த கற்களின் இடுக்கில் வரும் புல்லுக்கு அது சரி, பாத்திக்கு வேண்டாம்.

இப்போது அந்தப் புல் என்ன என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் இலை பளபளவென்று கரும்பச்சையாக இருக்கிறது, நடுவிலிருந்து ஒரு தண்டு எழுந்து உச்சியில் செம்பழுப்பு நிறத்தில் பூ விரிந்திருக்கிறது. அந்தத் தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக உருளாமல் மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது புல்லே இல்லை, கோரை. தமிழ்நாட்டுப் பக்கம் கோரைக்கிழங்கு என்று நலங்கு மாவில் அரைத்துச் சேர்ப்பார்களே, சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையில் கருப்பாகக் காய்ந்து வாசனையோடு கிடைக்குமே, அதே செடிதான். உலகத்திலேயே விவசாயிகளை அதிகம் படுத்தும் களைகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கிறார்கள், அதனால் உங்களால் முடியவில்லை என்று மனசு விடாதீர்கள்.

சிலர் இதை அருகம்புல்லோடு குழப்பிக்கொள்கிறார்கள். பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல் மண்மேல் கொடி மாதிரி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும், தண்டு உருண்டையாக இருக்கும். அதுவும் விடாப்பிடியான ஆள்தான், ஆனால் அதன் ஓட்டத்தைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பின்தொடர்ந்து போய் எடுத்துவிடலாம். கோரை அப்படி இல்லை, அதன் வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன், இதுதான் முக்கியமான விஷயம். நீங்கள் மேலே பார்க்கும் ஒவ்வொரு கோரைக்கும் கீழே ஒரு சின்னக் கிழங்கு இருக்கும், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு போய் அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று மண்ணுக்குள் சங்கிலியாகவே இருக்கும். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள்தான் கிடக்கும், சிலது அதற்கும் கீழே போயிருக்கும். சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை முன்னால் இருக்கும் கிழங்கு முளைக்கும், மற்றதில் பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் இலையைப் பிடித்து இழுக்கிறீர்கள், இலை கையோடு வருகிறது, கிழங்கு உள்ளேயே நிற்கிறது, அதில் இன்னும் பல மொட்டு இருப்பதால் அடுத்தது முளைக்கிறது. மண்வெட்டியால் கொத்தினீர்கள் என்றால் இன்னும் மோசம், சங்கிலி துண்டாகித் தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்துவிடும். கொத்திவிட்ட பாத்தியில் ரெண்டு வாரத்தில் முன்னைவிட அதிகமாக வருவது இதனால்தான்.

அதனால் இலையோடு சண்டை போடாதீர்கள், கிழங்கைப் பட்டினி போடுங்கள். கிழங்கில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அது முதல் சில இலைகளை விடுகிறது. 5 அல்லது 6 இலை வருகிறவரை அதற்குச் செலவுதான், வரவு கிடையாது. அதைத் தாண்டி வளரவிட்டால் இலை சமைத்துக் கீழே அனுப்ப ஆரம்பிக்கும், புதுக் கிழங்கும் கட்ட ஆரம்பிக்கும். ஆகவே உங்கள் வேலை, எந்தக் கோரையையும் 5 இலை தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வது. வாரம் ஒரு முறை, ஒரு காபி குடிக்கிற நேரம், பாத்தியைச் சுற்றி வந்து முளைத்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கிழங்கு கொஞ்சம் இளைக்கும். கிழங்கோடு வந்தால் நல்லது, வராவிட்டாலும் பரவாயில்லை, தவறாமல் எடுக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. ஊருக்குப் போகிறேன் என்று ஒரு மாதம் விட்டுவிட்டுப் போனால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண், அதனால் போகும்போது வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ரெண்டு மூன்று மாதத்தில் முளைப்பது குறைவதைப் பார்ப்பீர்கள், முழுசாக ஓய்வதற்கு அதைவிட நிறைய நாள் ஆகும், ஏனென்றால் தூங்குகிற கிழங்கு மண்ணுக்குள் சில வருஷம்கூட உயிரோடு இருக்கும்.

கிழங்கோடு எடுக்க ஒரு முறை இருக்கிறது. மழை பெய்த மறுநாள், மண் பொதபொதவென்று இருக்கும்போது, மண்வெட்டி வேண்டாம், முள் கரண்டி மாதிரி இருக்கும் தோட்டத்து முள்ளை செடிக்குக் கொஞ்சம் தள்ளி ஆழமாகக் குத்தி மெதுவாக நெம்புங்கள். மண் இளகியதும் செடியைப் பிடித்து நேராகத் தூக்கினால் சங்கிலியில் ரெண்டு மூன்று கிழங்கு சேர்ந்தே வரும். எடுத்ததைப் பாத்தி ஓரத்திலேயே போட்டுவிடாதீர்கள். வறண்ட ஊரில் வெயிலில் போட்டாலே கிழங்கு வற்றிச் செத்துவிடும், நம் ஊரில் வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மதியம் காய்ந்தது சாயங்காலம் நனைந்து அங்கேயே வேர் பிடித்துவிடும். உரக்குழியிலும் போடாதீர்கள், வீட்டு உரக்குழியின் சூடு கிழங்கைக் கொல்லப் போதாது. பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரிக்கிற ஆலைக்குத்தான் போகிறது, அதோடு அந்தக் கிழங்கின் கதை முடிந்தது.

மண்ணை மாற்றலாமா என்று கேட்டீர்கள். பெரிய பாத்தி என்றால் வேண்டாம் என்பேன். செலவு ஒரு பக்கம், அடியில் தப்பிய ஒன்றிரண்டு கிழங்கே புது மண்ணை நிரப்பிவிடும் என்பது இன்னொரு பக்கம். அதோடு கடையில் வாங்கும் மூட்டை மண்ணிலும், நர்சரிச் செடியின் வேர்மண்ணிலும் கோரைக் கிழங்கு வருவது சாதாரணம், உங்கள் பாத்திக்கே அது அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதுச் செடி வாங்கினால் நடுவதற்கு முன்னால் வேர்மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள், மொச்சை அளவுக்குக் கருப்பாக, கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துவிடுங்கள். தொட்டியோ, தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி மாதிரி சின்ன மேட்டுப் பாத்தியோ வைத்திருப்பவர்கள் மண்ணைத் தூக்கிப் போடுவதைவிடக் காய்ந்த நாளில் அரை சென்டிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்துவிடலாம். முதுகு வலிக்கும் வேலைதான், ஆனால் ஒரே நாளில் முக்கால்வாசி போய்விடும்.

அடுத்து மூடாக்கு, அதாவது மண்ணை எதையாவது விரித்து மூடி வைப்பது. கருப்பு பிளாஸ்டிக் விரித்தேன், அதையும் துளைத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். வரும். கோரையின் முளை ஊசி மாதிரி கூர்மையானது, சர்க்கரைவள்ளிக் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இருட்டில் இருக்கும்வரைதான் அது ஊசியாக இருக்கும், வெளிச்சம் பட்டதும் இலையை விரித்துவிடும். அதனால் கருப்பு பிளாஸ்டிக்கைத் துளைக்கிற அதே கோரை, வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்குக்கு அடியில் இலை விரிந்து மாட்டிக்கொள்ளும், மேலே வர முடியாது, உள்ளே சேரும் சூட்டில் கருகவும் செய்யும். பாத்தி காலியாக இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள். மண்ணை நனைத்து, பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து, 6 வாரமாவது விடுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் இது வேலைக்கு ஆகாது, பிப்ரவரியில் வெயில் நன்றாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். நம் வானம் எப்போதும் மேகம் போட்டிருப்பதால் ஆழத்தில் இருக்கும் கிழங்கு எல்லாம் செத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மேலே இருப்பது நன்றாகவே அடிவாங்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், மழை பெய்தால் அந்த விரிப்பின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். விரிப்பைச் சரிவாகப் போடுங்கள், தேங்கினால் அன்றைக்கே தள்ளிவிடுங்கள். டெங்கி விஷயத்தில் விளையாடவே கூடாது.

செடி இருக்கும் இடத்தில் நிழலை நம்புங்கள். கோரைக்கு வெயில் இல்லாவிட்டால் ஆகவே ஆகாது, நிழலில் மெலிந்துபோகும். வெண்டைக்கு நடுவில் வெற்று மண்ணாக விட்டு வைக்காமல் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடுங்கள், கீரைக்கும் ஆகும், மண்ணையும் மூடும். கிழங்குக்காக நடாதீர்கள், இலைக்காக நடுங்கள். கொடியைத் தூக்கிப் பார்த்து நடுவில் தலைகாட்டும் கோரையை எடுப்பதும் சுலபம். கொடி வேண்டாம் என்றால் அட்டைப்பெட்டியை ரெண்டு மூன்று அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி விரித்து, மேலே சருகை ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்கள். கோரை இதையும் ஒன்றிரண்டு இடத்தில் துளைக்கும், ஆனால் மற்ற விதைக்களை எல்லாம் இதில் அடங்கிவிடும், அந்த ஒன்றிரண்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும். மிளகாய்த் தண்டை ஒட்டிச் சருகு போடாதீர்கள், அழுகும்.

மருந்து அடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கிளைபோசேட் மாதிரி களைக்கொல்லி மருந்து இலை வழியாகக் கிழங்குக்கு இறங்கும், உண்மை. ஆனால் இலையே விடாமல் தூங்கும் கிழங்குக்கு அது எப்படிப் போகும்? அது பிறகு முளைக்கும், திரும்ப அடிக்க வேண்டும். காற்றில் ஒரு துளி மிளகாய் மேல் பட்டாலும் மிளகாய் போய்விடும். பறித்து அப்படியே குழம்பில் போடும் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நான் அடிக்க மாட்டேன், உங்களையும் அடிக்கச் சொல்ல மாட்டேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் இருப்பவர்கள் குழுவில் கேட்காமல் எதையும் தெளிக்கவே கூடாது, அங்கே நாலு வீட்டுப் பிள்ளைகள் கை வைப்பார்கள்.

இனி தொட்டியில் வரும் பொடி இலைச் செடி. அது பைலியா, அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. ஈரமும் நிழலும் இருந்தால் தொட்டி, சுவர் இடுக்கு, வடிகால் ஓரம் எல்லாம் வரும். இதற்குக் கிழங்கு கிடையாது, தண்ணீர் ஊற்றிய பிறகு இழுத்தால் வேரோடு வந்துவிடும், ஆனால் விதை நிறைய. பிடுங்கிவிட்டு மேல் மண்ணை ரெண்டு விரல் அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டுச் சின்னக் கற்களைப் பரப்புங்கள், மேல்மண் காய்ந்தே இருந்தால் விதை முளைக்காது. புளியாரையும் இப்படித்தான், அதன் காய் முற்றினால் வெடித்துப் பக்கத்துத் தொட்டிவரை விதை தெறிக்கும், பூ பார்த்ததுமே எடுத்துவிட வேண்டும். கீழாநெல்லி, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி இதெல்லாம் மூலிகை ஆயிற்றே என்று விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமானால் தனியாக ஒரு தொட்டியில் ஒன்றை வையுங்கள், மிளகாய்த் தொட்டியில் காய்க்கவிட்டால் அடுத்த மாதம் அதைத்தான் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா, இந்த வாரம் சர்க்கரைவள்ளிக் கொடியில் சாண் நீளத்துக்கு நாலைந்து துண்டு வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி வெண்டைக்கு நடுவில் ஊன்றிவிடுங்கள். தேக்கா சந்தையில் கீரையாக விற்கும் கட்டிலேயே தண்டு முற்றினதாகப் பார்த்து எடுத்தால் போதும். அது படர்கிறவரை வாராவாரம் கோரையை எடுத்துக்கொண்டே இருங்கள், ஒரு மாதம் கழித்துப் பாத்தியைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.