மேலங்கியோடு புத்தகங்களையும் கேட்டவர்

அன்பான சகோதரர்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம். இன்று நம் சபைகளில் இருக்கும் ஆண்களிடம் வாசிப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

தம் முடிவு நெருங்கிவிட்டதை அறிந்து சிறையிலிருந்த பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலம் வருவதால் அங்கியைக் கேட்டது நமக்குப் புரிகிறது. ஆனால் அதே வசனத்தில் புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார். தரிசனம் கண்டவரும், இத்தனை நிருபங்களை எழுதியவருமான பவுலுக்கே வாசிப்பு தேவைப்பட்டது. நமக்கோ ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் வாட்ஸ்அப்பில் வரும் வசனப் படமும் போதும் என்றாகிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவு குடும்ப ஜெபத்தில் யோபுவின் முதல் அதிகாரத்தை நான் வாசித்து முடித்தபோது, பத்து வயதான என் மகள், "யோபு நல்லவர்தானேப்பா, அவர் பிள்ளைகள் ஏன் சாகணும்?" என்று கேட்டாள். "போதகரிடம் கேட்கலாம்மா" என்றேன். அவள் மறுபடி கேட்காமல் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள். ஜெபத்தை நடத்தும் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பதில் தேடும் பொறுப்பை இன்னொருவரிடம் தள்ளிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த சில வாரங்கள், விடியற்காலையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, 42 அதிகாரங்களையும் ஒரு விளக்கவுரையோடு சேர்த்து வாசித்தேன். துன்பத்தின் காரணத்தைத் தேவன் யோபுவுக்குச் சொல்லவே இல்லை என்பதையும், காரணம் தெரிந்ததுபோல் பேசிய நண்பர்களைத்தான் அவர் கடிந்துகொண்டார் என்பதையும் அவளிடம் சொல்ல முடிந்தது.

வேதாகமம் மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதைத் தமிழில் தந்தவர்களைப் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகி, நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்நூல்களைத் தேடிச் சேர்த்து, 1708இல் அவற்றுக்கு ஓர் அட்டவணையும் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்தவ நூல்கள் அல்ல. யாரிடம் பேச வந்தாரோ அவர்களுடைய ஏடுகளை அவர் முதலில் வாசித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அயலாரின் நம்பிக்கையைப் பற்றி ஒரு நூல்கூட வாசிக்காமல் அவர்களோடு வாதிடும் நம் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். வேலைக்குப் போகும் பேருந்திலேயே அதை முடித்துவிடலாம். நான் வாசித்த புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்த கேள்விகளுக்குக் கீழே, இப்போது என் மகளும் தன் கேள்விகளை எழுதி வைக்கிறாள்.