டிஸ்சார்ஜுக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். இரவு டியூட்டி முடிந்து வீடு திரும்பி, அடுப்பங்கரையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் செவிலியச் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். மருத்துவமனை வார்டுக்கு வெளியே நமக்கு என்னென்ன வேலை வழிகள் இருக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் 22 ஆண்டுகள் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்தவள். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு இடுப்பில் படுக்கைப்புண். அதற்கு எப்படிக் கட்டுப்போட வேண்டும் என்று நான் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. புண்ணோடுதான் அவர் டிஸ்சார்ஜ் ஆனார். வாசலில் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், வீட்டில் இதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்று என் தொழில். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். மூக்கு வழியாக உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டையில் துளை, வயிற்றில் மலப்பை என்று எத்தனையோ பேர் வீடு திரும்புகிறார்கள். தொட்டுப் பார்க்கவே குடும்பத்தார் பயப்படுகிறார்கள். நமக்கோ அது தினசரி வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, புண்ணின் ஆழத்தை அளந்து எழுதுவது, முட்டையும் பருப்பும் போதிய அளவு உள்ளே போகிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவையும் மகளுக்கோ மருமகளுக்கோ கற்றுக்கொடுப்பது. 40 நோயாளிகள் இருந்த வார்டில் இதற்கு எனக்கு நேரமே கிடைத்ததில்லை.

இப்படித் தனியாக வேலை செய்யும் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஊசியோ டிரிப்போ போடக் கூடாது. வீட்டார் கெஞ்சினாலும் கூடாது. ஒவ்வொரு முறையும் செய்ததை நோட்டில் எழுதி வையுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாக விடாதீர்கள். கட்டணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டு நான் நிறைய இழந்திருக்கிறேன். முதல் சில மாதங்கள் வருமானம் ஏறி இறங்கும். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் சேரும்வரை வேலையை விட வேண்டாம்.

வீடு வீடாகப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரசவ வார்டில் பழகிய கைகளுக்கு, மகப்பேற்றுச் செவிலியர்களுக்கான 18 மாதப் பயிற்சி உண்டு. அதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது. சிக்கலில்லாத பிரசவத்தைத் தம் பொறுப்பில் நடத்தும் நிலைக்கு அது கொண்டுபோகும். நம் துறையில் இதைவிடப் பெரிய தன்னுரிமை இல்லை என்பது என் எண்ணம். துணை சுகாதார நிலையங்களில் முதல் கட்டச் சிகிச்சையைச் செவிலியரே கவனிக்கும் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் வேலையும் ஓரளவு அப்படித்தான். நீரிழிவு ஆலோசனை, தாய்ப்பால் ஆலோசனை ஆகியவற்றைச் சிறிய அறையிலேயே தொடங்கலாம். காப்பீட்டு நிறுவனங்களில் கோப்பு சரிபார்க்கும் வேலைக்கும் கூப்பிடுவார்கள். இரவு டியூட்டி இராது. ஆனால் நோயாளியின் முகமும் இராது. எனக்கு அது ஒத்துவரவில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, செவிலியர் வீட்டுக்கு வருவது கிராமங்களில் புதுமையாகத் தெரிவதில்லை. வாசலில் நின்று நாம் யார் என்று விளக்கும் வேலை குறைந்திருக்கிறது.

அந்தப் பெரியவரின் புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. ஐந்தாம் மாதம் ஒரு மாலையில் அவரைத் திண்ணையில் சாய்த்து உட்கார வைத்தோம். எதிர்வீட்டு அம்மா தெருவைக் கடந்து வந்து, தன் மாமியாரையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார்.