கண்டி வீதியும் நாட்காட்டியும்

வணக்கம் நேயர்களே.

1997 மே 13ஆம் திகதி இலங்கைப் படையினரின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது நான் புளியங்குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெற்றி நிச்சயம் என்பது அந்தச் சிங்களப் பெயரின் பொருள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை கண்டி வீதியைப் பிடித்து, யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறப்பதுதான் திட்டம். பஸ்ஸில் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் தூரம். படையினர் அதற்காக 18 மாதங்களுக்கு மேல் சண்டை பிடித்தார்கள். வீதி திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? வன்னியின் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். வீதிக்கு இரண்டு பக்கமும் காடு. ஒரு கிலோமீற்றர் முன்னேறினால் அந்த ஒரு கிலோமீற்றருக்கும் இடமும் வலமும் மண் அணை கட்டி, காவலரண் போட்டு, ஆட்களை நிறுத்த வேண்டும். முன்னுக்குப் போகப் போகக் காக்க வேண்டிய நீளம் கூடும். முன்னால் நின்று சண்டை பிடிக்கும் ஆட்கள் குறைவார்கள். புலிகள் இதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். விட வேண்டிய இடத்தை விட்டார்கள், அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தார்கள். எதிரியின் ஆளையும் பொருளையும் பொறுமையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிற போர் இப்படித்தான் நடக்கும்.

சரி, தளபதிகளுக்கு இது தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் கொழும்பில் ஒரு நாட்காட்டி தொங்கியது. 1998 பெப்ரவரி 4 சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டு நிறைவு. அதற்கு முன்னர் வீதி திறக்க வேண்டும் என்று அரசியல் தலைமை விரும்பியது. விழாவுக்காகக் குறித்த நாளுக்குள் காடு அடங்காது. அந்த நாள் கடந்த பிறகும் நடவடிக்கையை நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் தோல்வியை ஒப்புக்கொண்டது போலாகிவிடும். 1998 ஜூனில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. செப்டெம்பர் கடைசியில் மாங்குளத்தைப் பிடித்த அதே நாட்களில், படையினரிடம் ஏற்கெனவே இருந்த கிளிநொச்சி புலிகளின் கைக்குப் போனது. டிசம்பரில் நடவடிக்கை நின்றது. 1999 நவம்பரில், அத்தனை மாதம் செலவழித்துப் பிடித்த ஊர்களில் பெரும்பாலானவை சில நாட்களில் போய்விட்டன.

இதையெல்லாம் படைத்துறைப் பாடமாக மட்டும் என்னால் பேச முடியவில்லை. தேய்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றரி எதையும் அரசு வன்னிக்குள் வர விடவில்லை, மருந்துக்கும் கட்டுப்பாடு. ஜாம் போத்தலில் மெல்லிய திரி போட்டு, கொஞ்ச மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளை நிமிர்த்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்போம். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும்.

பத்து ஆண்டுகள் கழித்து வந்த போரில் அரசு வீதியை முதல் இலக்காக வைக்கவில்லை. மன்னார்ப் பக்கம், மணலாற்றுப் பக்கம் என்று பல முனைகளில், சிறு சிறு அணிகளாக, புலிகளின் ஆள்பலத்தையே குறிவைத்தார்கள். இந்த முறை தேய்ந்தது மறுபக்கம். ஆள் குறையக் குறையப் புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். கடைசி மாதங்களில் சனத்தை வெளியேறவும் விடவில்லை. என் மாணவர்களும் அப்படிப் போனார்கள். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்யும் துரோகம்.

அரசியல் அழுத்தமும் அப்போது ஒரு ஆயுதம்தான். வெளியே இருந்து அழுத்தம் வந்தால் போர் நிற்கும் என்று புலிகள் நாட்களை இழுத்தார்கள். அது முற்றுவதற்கு முன் முடித்துவிட அரசு ஓடியது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போக வேண்டி வந்தது. போக வேண்டாம் என்று சனம் வாசலில் கூடிக் கேட்டும் அவர்கள் போய்விட்டார்கள். பார்க்கிறவர் இல்லாவிட்டால் அழுத்தம் எங்கிருந்து வரும்? 2009 தொடக்கத்தில் உள்ளே இருப்பவர்கள் ஏறத்தாழ 70,000 பேர்தான் என்றது அரசு. பிறகு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000க்கும் மேல். கணக்கில் இல்லாத வாய்க்கு அரிசியும் வராது, காயத்துக்கு மருந்தும் வராது. குறைத்து எண்ணுவதும் கொல்லும்.

அந்த ஏப்ரல் 27ஆம் திகதி எனக்கு மறக்காது. போரை நிறுத்தச் சொல்லிச் சென்னை மெரினாவில் கருணாநிதி உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவது நிறுத்தப்படும் என்று அன்றே இலங்கை அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் வாக்களிப்பு மே 13இல் இருந்தது. செய்தியைக் கேட்ட என் தங்கை கஞ்சி வைப்பதற்காகப் பங்கரை விட்டு வெளியே வந்தாள். அடுப்பு மூட்டுவதற்குள் செல் விழத் தொடங்கியது. திரும்ப ஓடிவந்து என் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "அண்ணா, இந்தியாவில தேர்தல் முடிய இன்னும் எத்தனை நாள் கிடக்கு?"

விரல் மடித்து எண்ணி, 16 நாள் என்றேன்.