செத்த சொல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைத் தேடிப் படிப்பது புதையலா, பொதிச்சுமையா?' என்பது இன்றைய தலைப்பு. புதையலே என்ற அணியில் நான் பேச வந்திருக்கிறேன். சற்று முன் பேசிய எதிரணி நண்பர் நன்றாகவே வாதாடினார். ஆங்கிலேயரே பேசாமல் விட்ட சொல்லை நம் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்றார். நேர்முகத் தேர்வில் நாலு வாக்கியம் தடுமாறாமல் பேசினால் வேலை கிடைக்கும், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சொல்லைச் சொன்னால் கிடைக்குமா என்று கேட்டார். சொற்பிறப்பு என்று உலவும் கதைகளில் பல கட்டுக்கதை என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது உண்மை. அதை நான் மறுக்கப் போவதில்லை, பிறகு அதற்கு வருகிறேன்.

நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறவள். ஆறாம் வகுப்பில் இறந்தகாலம் நடத்தும்போது வருஷம் தவறாமல் ஒரு கேள்வி வரும். "டீச்சர், 'வாக்' என்றால் 'வாக்டு', 'டாக்' என்றால் 'டாக்டு'. 'கோ' மட்டும் ஏன் 'வென்ட்'? அதில் 'கோ'வே இல்லையே?" நான் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டேன். "மனப்பாடம் பண்ணு, கேள்வி கேட்காதே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் பழைய சொற்களைத் தேடிப் போனேன்.

விஷயம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'போனேன்' என்பதற்கு 'ஏயோடெ' என்று ஒரு சொல் இருந்தது. அது வழக்கொழிந்தது. அதே காலத்தில் 'வென்ட்' என்ற ஓசையிலேயே, கடைசி எழுத்து மட்டும் T-க்குப் பதில் D-யாக, 'வெண்ட்' என்று இன்னொரு வினைச்சொல் இருந்தது. திரும்பு, வழிநட என்று பொருள். 'செண்ட்' 'சென்ட்' ஆவது போல, 'ஸ்பெண்ட்' 'ஸ்பென்ட்' ஆவது போல, 'வெண்ட்' என்பதன் இறந்தகாலம் 'வென்ட்'. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் காலியாக இருந்த 'ஏயோடெ'வின் நாற்காலியில் இந்த 'வென்ட்' வந்து உட்கார்ந்துவிட்டது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே! விதிக்கு அடங்காதது என்று பயந்துகிடந்த சொல் விதிப்படிதான் நடந்திருக்கிறது. நண்பர் அவர்களே, வேலைக்குப் போகும் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை 'வென்ட்' என்று சொல்லும்? அந்தச் சொல்லுக்குள் இரண்டு வழக்கொழிந்த சொற்களின் கதை இருக்கிறது.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். 'நைட்' என்ற வீரனுக்கு முன்னால் ஒரு 'கே' எதற்கு, நடுவில் ஒரு 'ஜி', ஒரு 'எச்' எதற்கு? ஒரு காலத்தில் அத்தனையையும் உச்சரித்தார்கள். 'க்னிஹ்ட்' என்பதுதான் சொல். தொடக்கத்தில் அதற்குப் பையன், ஏவலாள் என்றே பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் 'க்னெஹ்ட்' இன்றும் ஏவலாளையே குறிக்கிறது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை நான் கல்வெட்டு என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். வாயிலிருந்து போன ஒலி தாளில் நிற்கிறது. படியெடுக்கத் தெரிந்தவருக்கு அது பேசும்.

சரி, என் மனதுக்கு மிகவும் நெருக்கமான சொல்லுக்கு வருகிறேன். 'லார்ட்'. பிரபு என்போம், கடவுள் என்போம். இந்தச் சொல்லைப் பிரித்தால் அரியணையோ வாளோ கிடைக்காது, ரொட்டிதான் கிடைக்கும். 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, இன்றைய 'லோஃப்'. 'வெயார்ட்' என்றால் காவலர். 'ஹ்லாஃப்வெயார்ட்', ரொட்டிக்குக் காவலர். அதுவே தேய்ந்து தேய்ந்து 'லார்ட்' ஆனது. 'லேடி' யார்? 'ஹ்லாஃப்' என்பதோடு மாவு பிசைபவளைக் குறிக்கும் ஒரு சொல் சேர்ந்தது, ரொட்டிக்கு மாவு பிசைபவள். அந்தப் பிசைபவள்தான் பிறகு பால்பண்ணை வேலைக்காரியையும் குறித்து, 'டெய்ரி' என்ற சொல்லின் முன்பாதியில் இன்றும் இருக்கிறாள்.

அப்புறம், அந்த வீட்டு வேலையாளுக்கு என்ன பெயர்? 'ஹ்லாஃப்ஏட்டா', ரொட்டி தின்பவன். இது முழுக்க வழக்கொழிந்த சொல். கெண்ட் நாட்டு அரசர் ஏத்தல்பெர்ட்டின் சட்டத்தில் அது இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கும் சட்டங்களிலேயே பழையது. ஒரு குடியானவனின் ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. காப்பவர், பிசைபவள், தின்பவன் என்று ஒரு முழு வீடும் ஒரு ரொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தெரிகிறதா? கடவுளைப் 'படியளக்கிறவர்' என்று சொல்லும் நமக்கு இது உடனே புரியும். 'ஹ்லாஃப்ஏட்டா' செத்த சொல்தான். ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் 'லார்ட்' என்பதன் பொருள் எனக்கு முழுசாக விளங்கியது.

எதிரணி நண்பர் 'ஷேக்ஸ்பியர் காலத்துச் சொல்லைத் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும்' என்றும் கேட்டார். ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1603ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில், புகழ்பெற்ற கடலோடி சர் வால்டர் ராலேமீது ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலேயைப் பார்த்துச் சீறிய சொல்லில் அன்றைய அதிர்ச்சி முழுவதும் இருக்கிறது. 'தௌ' என்ற சொல்லையே வினையாக்கி, 'உன்னைத் தௌ போட்டே பேசுகிறேன், துரோகியே' என்கிறார். இன்று 'தௌ' என்றால் சர்ச் பிரார்த்தனையில் வரும் புனிதமான பழஞ்சொல் என்றே நினைக்கிறோம். அன்று அது நம்முடைய 'நீ'. நெருங்கியவரிடமும் எளியவரிடமும் சொல்லலாம். ராலே போன்ற பெரிய மனிதரிடம், அதுவும் மன்றத்தில் சொன்னால் அவமானம். 'ஒருமையில் பேசினார்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுமே, அதேதான் நடந்தது. 'தௌ' எப்படிப்பட்ட சொல் என்று தெரியாதவர் இந்த வாக்கியத்தில் ஏதோ மந்திரத்தைக் கேட்பார். தெரிந்த தமிழருக்குக் கன்னத்தில் விழுந்த அறை கேட்கும். இன்றைய ஆங்கிலேயரைவிட இதை நாம் சட்டென்று உணர முடியும். நம்மிடம் 'நீ'யும் 'நீங்கள்'உம் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பொருள் மாறி ஏமாற்றும் சொற்களும் உண்டு. இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் 'சில்லி' என்பதன் பழைய வடிவத்துக்கு ஆசி பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். 'நைஸ்' ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்று பொருள், 'அறியாத' என்ற லத்தீன் சொல்லின் வழியில் பிறந்தது. 'டியர்' மானை மட்டுமல்ல, எல்லா விலங்கையும் குறித்தது. அதனால்தான் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் எலிகளையும் 'சின்ன டியர்' கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். இன்றைய பொருளோடு அதைப் படிக்கும் மாணவி எலியையும் மானையும் எப்படிச் சேர்த்து வைப்பாள்?

கட்டுக்கதை என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து 'நியூஸ்' ஆனது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் எனக்கே பலமுறை வந்திருக்கிறது. தவறு. 'நியூ' என்பதன் பன்மைதான் 'நியூஸ்', புதியவை என்று பொருள், அவ்வளவுதான். கப்பலில் போகும்போது இடப்பக்க அறை, வரும்போது வலப்பக்க அறை என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து, ஆடம்பரத்தைக் குறிக்கும் 'போஷ்' பிறந்ததாகச் சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் நண்பரே, கட்டுக்கதை பரவுவது பழைய சொற்களைப் படிப்பதாலா, படிக்காததாலா? போலிக் காசு இருக்கிறது என்பதற்காக யாரும் காசே வேண்டாம் என்பதில்லை, உரசிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். உரைகல்லும் இருக்கிறது. லண்டன் மொழியியல் சங்கம் 1857இல் போட்ட திட்டம், 1884இல் முதல் பகுதியாக அச்சேறி, 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. ஊர் பேர் தெரியாத வாசகர்கள் ஆயிரக்கணக்கில் பழைய நூல்களைப் படித்து, சொல் வரும் வரியைத் துண்டுத்தாளில் எழுதி அனுப்பினார்கள். அதில் வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு குத்துவாள் குறி இருக்கும். கவனியுங்கள், அந்தச் சொல்லை அவர்கள் நீக்கவில்லை. குறியிட்டு, உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

போன சொல் திரும்பி வந்ததும் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'சிப்லிங்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, கூடப்பிறந்தவர் யாராவது இங்கே படிக்கிறார்களா என்று கேட்பதற்கு? பழைய ஆங்கிலத்தில் அது உறவினரைக் குறித்தது, பிறகு மறைந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரையும் ஒரே சொல்லால் சொல்ல வேண்டிய தேவை அறிவியலாளருக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். செத்த சொல் என்று அன்றைக்கே புதைத்திருந்தால் அந்தக் கட்டத்தில் இன்று எதை எழுதுவோம்?

நடுவர் மணியை எடுப்பது தெரிகிறது, இன்னும் ஒரே ஒரு சொல்.

'உஹ்ட்கேயாரே.' இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பேராலயத்தில் ஆயிரம் வருஷத்துப் பழைய கையெழுத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. 1072இல் இறந்த லியோஃப்ரிக் என்ற ஆயர் கொடுத்தது. முன்பக்கத்தில் கத்திக் கீறலும் பாத்திரம் வைத்த கறையும், கடைசிப் பக்கங்களில் தீக்கொள்ளி சுட்ட ஓட்டையும் உண்டு. நம் ஏடுகள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அந்தப் புத்தகத்தில் ஒரு பெண் பேசும் பாட்டு இருக்கிறது. பாடியவர் பெயர் தெரியாது. கணவன் அலைகடல் தாண்டிப் போய்விட்டான், எந்த நிலத்தில் இருக்கிறானோ தெரியவில்லை. அவள் ஓக் மரத்தடியில் ஒரு மண்குகையில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு வந்த துயரத்தின் பெயர்தான் 'உஹ்ட்கேயாரே'. 'உஹ்ட்' என்றால் விடிவதற்குச் சற்று முந்தைய பொழுது, நம் வைகறை. 'கேயாரே' என்றால் கவலை. வைகறைக் கவலை. கிடைத்திருக்கும் பழைய ஆங்கில எழுத்து முழுவதிலும் இந்தச் சொல் இந்த ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது.

என் அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். விளக்கைப் போட மனம் வராது, தூங்கவும் முடியாது. அப்போது எனக்கு இந்தச் சொல் தெரியாது. பிற்பாடு ஒருநாள் படித்தபோது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், நான் பார்த்தே இராத ஒரு குளிர்தேசத்தில், ஒருத்தி என் நாலு மணிக்குப் பெயர் வைத்திருக்கிறாள் என்று கண் கலங்கிவிட்டது. இதை எந்தக் கணக்கில் பொதிச்சுமை என்று எழுதுவது?

நடுவர் அவர்களே, கடைசியாக உங்களுக்கான சொல். கிரிக்கெட்டில் உங்களை 'அம்பயர்' என்பார்கள். பழைய பிரெஞ்சில் 'நான்பெர்', ஆங்கிலத்துக்கு வந்து 'நௌம்பெர்'. இணையில்லாதவர், ஜோடி சேராத மூன்றாம் ஆள் என்று பொருள். 'அ நௌம்பெர்' என்று சொல்லிச் சொல்லி, அந்த 'ந்' நழுவி முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு, 'அன் அம்பயர்' ஆகிவிட்டது. எங்கள் அணியோடும் சேராமல், எதிரணியோடும் சேராமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் வழக்கை ஒப்படைக்கிறேன். நன்றி, வணக்கம்.