வேலிக்கு வெளியே யார் பொறுப்பு?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கதிரியக்க அவசரநிலை ஏற்பட்டால் எந்த அரசுத் துறைக்கு என்ன வேலை என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. கேட்டவுடன் கொட்டாவி வருவது இயல்பு. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பேச வந்திருக்கிறார் என்றால் கொட்டாவி இரண்டாகும். ஆனாலும் திருவான்மியூரிலோ சோழிங்கநல்லூரிலோ உட்கார்ந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் கல்பாக்கம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். சென்னை அணுமின் நிலையம் என்றே அங்குள்ள அணு உலைகளுக்குப் பெயர்.

அணு உலையின் பாதுகாப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது பொறியாளர்களின் களம். உலையின் வேலிக்கு வெளியே என்ன நடக்கும் என்பதுதான் என் போன்றவர்களின் களம். நம் நாட்டு ஏற்பாட்டில் அவசரநிலை மூன்று படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் படி, நிலையத்துக்குள்ளேயே அடங்கிவிடுவது. இரண்டாவது, வளாகம் முழுவதையும் தொடுவது. மூன்றாவது, வளாகத்தைத் தாண்டி ஊருக்குள் வருவது. முதல் இரண்டையும் அணுமின் நிலையம் கையாளும். மூன்றாவது படி வந்ததும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரின் கைக்குப் போகிறது. கல்பாக்கம் திருக்கழுக்குன்றம் வட்டத்தில் இருப்பதால், இன்றைக்கு அது செங்கல்பட்டு ஆட்சியர். 2019 வரை காஞ்சிபுரம் ஆட்சியர்.

அணு இயற்பியல் படிக்காத ஆட்சியருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். காரணம் எளிது. ஊரைக் காலி செய்யவோ வீட்டுக்குள் இருக்கச் சொல்லவோ பஸ் வேண்டும், பள்ளிக்கூடத்தின் சாவி வேண்டும், அரிசி வேண்டும், போலீஸ் வேண்டும். எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்று தெரிந்த கிராம நிர்வாக அலுவலர் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் திரட்டக்கூடிய நாற்காலி அது ஒன்றுதான். ஆட்சியருக்குத் தெரியாததை, அதாவது எவ்வளவு கதிர்வீச்சு, எந்தத் திசையில், எத்தனை மணி நேரத்தில் என்பதை, அணுசக்தித் துறை சொல்ல வேண்டும். செர்னோபில் அணு உலை விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1987இல், இதற்கென்றே அந்தத் துறை மும்பையில் ஒரு நெருக்கடி மேலாண்மைக் குழுவை அமைத்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பிறகு தேசிய ஆணையம், மாநில ஆணையம், மாவட்ட ஆணையம் என்று மூன்று அடுக்குகள் வந்தன. அணு, கதிரியக்க அவசரநிலைகளுக்கென்று தேசிய ஆணையம் 2009இல் தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. அரக்கோணத்தில் தேசிய பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருக்கிறது.

ஆக, ஆள் பஞ்சம் இல்லை. கல்யாண வீட்டில் பந்தல்காரர் வந்துவிட்டாரா என்று பத்துப் பேர் கேட்பார்கள், அவருக்குப் போன் செய்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். துறைகள் பலவாகும்போது அந்த ஆபத்துதான் எனக்குத் தெரிகிறது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் பொறுப்பு கைமாறும் அந்தச் சில நிமிடங்களில்தான் உலகெங்கும் திட்டங்கள் சறுக்கியிருக்கின்றன.

அமெரிக்காவின் மூன்று மைல் தீவு விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 மார்ச் 28 அன்று விபத்து. மார்ச் 30 காலையில் ஒரு ஹெலிகாப்டர் நிலையத்தின் புகைபோக்கிக்கு மேலே பறந்து அளந்தபோது, மணிக்கு 1,200 மில்லிரெம் என்று காட்டியது. மில்லிரெம் என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. புகைபோக்கியின் வாய்க்கு நேர் மேலே அப்படிக் காட்டுவதில் பெரிய வியப்பு இல்லை. ஆனால் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகில் இருந்த அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணைய அதிகாரிகள், வாயு வெளியேறினால் ஊருக்குள் தரைமட்டத்தில் எவ்வளவு இருக்கும் என்று சற்று முன்புதான் கணக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு வந்த விடையும் அதே 1,200. இரண்டு எண்களும் வெவ்வேறு இடங்களுக்கு உரியவை என்று கேட்டுத் தெளிவதற்குள் மக்களை வெளியேற்றலாம் என்ற பரிந்துரை மாநிலத்துக்குப் போய்விட்டது. பிறகு குழப்பம், மறுப்பு, தொலைபேசி அழைப்புகள். கடைசியில் எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று மாநில ஆளுநர் அறிவித்தார். வெளியேறியவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கா வேலையைப் பிரித்து எழுதி வைத்தது. வேலிக்கு உள்ளே ஒழுங்குமுறை ஆணையம், வெளியே கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை. எந்த அளவுக்கு மேல் மக்களை வெளியேற்றலாம் என்ற வழிகாட்டு அளவைச் சொல்வது சுற்றுச்சூழல் முகமை. பயிரும் கால்நடையும் வேளாண் துறை. இரண்டு வளையங்களையும் வரைந்தார்கள். 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வரை காற்றில் வரும் ஆபத்துக்கான திட்டம். 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் வரை உணவு, தண்ணீர் வழியாக வரும் ஆபத்துக்கான திட்டம்.

கல்பாக்கத்திலும் அவசரநிலைத் திட்டத்துக்கான சுற்று 16 கிலோமீட்டர்தான். மாமல்லபுரம் அதற்குள் வந்துவிடுகிறது, சென்னை வராது. அந்த 80 கிலோமீட்டர் அளவுகோலைச் சும்மா ஒரு பேச்சுக்கு இங்கே வைத்துப் பாருங்கள். சென்னை மாநகரம் அதற்குள் வந்துவிடும். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டை யார் சோதித்து, யார் சரி என்று சொல்வது என்பதே கேள்வி. மேய்ச்சல் நிலத்தில் அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் படிந்தால் மாடு அதைத் தின்கிறது, பாலில் அது வருகிறது, குழந்தையின் தைராய்டில் போய்ச் சேருகிறது. எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் அது. சில வாரங்கள் பாலை நிறுத்தி வைத்தாலே பெரும் தீங்கைத் தடுக்கலாம். செர்னோபிலைச் சுற்றி அந்தப் பாலை உரிய நேரத்தில் நிறுத்தாததால்தான் பின்னாளில் பல ஆயிரம் பேருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. ஆக, ஆவின், கால்நடைத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை ஆகிய மூவரும் கல்பாக்கத்து ஆய்வகத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குடிநீர் வாரியத்தையும் அழைக்க வேண்டும். தென்சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி நெம்மேலியில் கடல்நீரிலிருந்து எடுக்கப்படுகிறது. நெம்மேலி இருப்பது கல்பாக்கத்துக்கும் நமக்கும் நடுவில். கடல்நீரை எடுப்பதை எந்த நேரத்தில், யார் சொல்லி நிறுத்துவது?

காற்றின் திசையும் சேர்ந்துகொள்கிறது. கோடை மாலைகளில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் கடற்காற்று நமக்கு வரம். விபத்து நடக்கும் அன்றைக்கு அதே காற்று கதிரியக்கத்தை நம் பக்கம் கொண்டுவரும். மார்கழியின் வாடை எதிர்த்திசையில், புதுச்சேரிப் பக்கம் தள்ளும். நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தின் கையில் இருக்கும் தகவல் ஆட்சியரின் மேசைக்கு வந்தாக வேண்டும். வந்ததை மக்களிடம் சொல்லவும் வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்னவாகும் என்பதற்குப் புகுஷிமா இருக்கிறது. கதிரியக்கம் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கும் கணினி முறை ஜப்பானிடம் இருந்தது. 2011 மார்ச் 11 விபத்துக்குப் பிறகு அது கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அந்த முடிவு நமியே என்ற ஊரின் நிர்வாகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் மக்களை வடமேற்கில் சுஷிமா என்ற மலைப்பகுதிக்கு அழைத்துப்போனார்கள். கதிரியக்க மேகமும் அந்தப் பக்கமே போனது. நெருக்கடியின்போது எல்லாத் துறைகளும் கூடுவதற்கென்று ஒரு மையத்தை முன்பே கட்டி வைத்திருந்தார்கள். உலையிலிருந்து ஐந்து கிலோமீட்டரில்! நிலநடுக்கத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் போயின, கதிரியக்கத்தை வடிகட்டும் வசதியும் கட்டடத்தில் இல்லை. நான்கே நாளில் அதிகாரிகள் அந்த மையத்தையே காலி செய்தார்கள். பக்கத்தில் ஒரு மருத்துவமனையும் முதியோர் காப்பகமும் இருந்தன. படுக்கையில் கிடந்த நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி, மணிக்கணக்கில் சுற்றி, கூடவே மருத்துவர் இல்லாமல் கொண்டுபோனதில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கதிர்வீச்சு அவர்களைக் கொல்லவில்லை. ஏற்பாடு இல்லாத வெளியேற்றம் கொன்றது. வெளியேற்றம் என்ற உத்தரவில் கையெழுத்துப் போடும் எந்த அதிகாரியும் இந்த ஒரு பகுதியைப் பலமுறை படிக்க வேண்டும் என்பேன். பல நேரங்களில் கதவு, ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே நல்ல மருந்து.

இரண்டு பேரிடர்கள் ஒன்றாக வருவது நமக்கும் புதிதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமியின்போது, கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாவது அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, கதிரியக்கக் கசிவு எதுவும் இல்லை. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. அதே நேரத்தில் மாவட்டத்தின் மீனவக் குப்பங்கள் அத்தனையும் உதவி கேட்டு நின்றன. அன்றைக்கு உலையிலும் ஏதாவது நேர்ந்திருந்தால், ஆட்சியரின் பஸ்ஸும் போலீஸும் எந்தப் பக்கம் போயிருக்கும்?

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவளாக ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி, நடத்தவும் செய்கிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். பழகாத கைக்கு எந்தத் திட்டமும் காகிதம்தான். ஆனால் எல்லோருக்கும் முன்கூட்டியே தேதி தெரிந்த ஒத்திகையில் பஸ் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறது, அதிகாரிகள் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார்கள். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, மாமல்லபுரம் விடுதிகளில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும்போது, கொக்கிலமேட்டுப் படகுகள் கடலில் இருக்கும்போது ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். கடலில் இருப்பவருக்குச் சைரன் கேட்காது. அவருக்குச் சொல்ல வேண்டியது மீன்வளத் துறையா, கடலோரக் காவல் படையா என்பது அன்றிரவே தெரிந்துவிடும்.

இனி, அணு உலையே இல்லாத இடத்தில் வரும் ஆபத்து. சென்னை நகருக்குள் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சுக் கருவிகள் இருக்கின்றன. மணலி, எண்ணூர் போன்ற தொழிற்பகுதிகளில் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம் என்ற கதிரியக்க உலோகம் பயன்படுகிறது. முறையாகக் கையாளும் வரை சிக்கல் இல்லை. முறை தவறினால் என்னவாகும் என்பதை 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரி காட்டியது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் நெடுங்காலம் சும்மா கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட கருவி ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், மேலும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அங்கே சைரன் ஒலிக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்த நோயாளியின் கறுத்த தோலைப் பார்த்து மருத்துவர்கள் சந்தேகப்பட்ட பிறகுதான் ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போனது.

பிரேசிலின் கோயானியாவில் 1987இல் இதைவிடப் பெரிதாக நடந்தது. கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்த சீசியம்-137 இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததைப் பார்த்து, அதை உறவினர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். பயத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாட்டு அரங்கத்தில் வரிசையில் நின்று தங்களைச் சோதித்துக்கொண்டார்கள். உண்மையில் கதிரியக்கம் ஒட்டியிருந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே. அந்த வரிசையைச் சென்னையில் கற்பனை செய்யுங்கள். நேரு விளையாட்டரங்கமா, தீவுத்திடலா? கருவியைப் பிடிக்கும் நிபுணர் அணுசக்தித் துறையிலிருந்து வருவார். தண்ணீர்ப் பந்தலும் கழிப்பறையும் மாநகராட்சி, தடுப்புக் கட்டை போலீஸ், குளிக்க வைத்து மாற்று உடை கொடுப்பது சுகாதாரத் துறை. முதலில் வந்து நிற்பவரோ பக்கத்துக் காவல் நிலையத்துக் காவலரும் தீயணைப்பு வீரரும். அவர்களுக்குக் கதிர்வீச்சு அளவி ஒன்றும் அரை நாள் பயிற்சியும் கொடுப்பதைவிடச் சிக்கனமான முதலீடு எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, யார் பேசுவது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். புகுஷிமா விபத்தின்போது சீனாவில் அயோடின் உப்பு சாப்பிட்டால் தப்பிக்கலாம் என்று வதந்தி பரவி, கடைகளில் உப்பே தீர்ந்துபோனது. கதிரியக்க அவசரநிலையில் கொடுக்கும் அயோடின் மாத்திரை என்பது வேறு. பெரியவர்களுக்கு அது 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. உப்பில் அந்த அளவைப் பெற வேண்டுமானால் கிலோ கணக்கில் தின்ன வேண்டும். அதற்கு முன் உப்பே ஆளைக் கொன்றுவிடும். மாத்திரைகூடத் தைராய்டை மட்டும்தான் காக்கும், அதையும் சொல்லும் நேரத்தில் சாப்பிட்டால்தான் பயன். இந்த நேரத்தை மூன்று துறைகள் மூன்று விதமாகச் சொன்னால் மக்கள் வாட்ஸ்அப்பைத்தான் நம்புவார்கள். எனவே அறிவிப்பு ஆட்சியரின் பெயரில், ஒரே வாசகமாக வர வேண்டும். அந்த வாசகத்தை இப்போதே எழுதி, காலி இடங்களில் ஊரையும் நேரத்தையும் மட்டும் நிரப்பும்படி வைத்திருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. மூன்று இதழ் விசிறி போன்ற கதிர்வீச்சுச் சின்னம் பொறித்த கனமான உலோகப் பொருள் ஏதாவது பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், விலகி நில்லுங்கள், மற்றவரையும் விலகச் சொல்லிவிட்டு உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.